எனக்காக நேர்ந்த சேவல்

1

2024 நவம்பர் 16, சனிக்கிழமை. சக்குபள்ளம், அக்கா வீடு.

விழித்ததும் பல் தேய்த்தேன். ஒரு டம்ளர் சுடுதண்ணீர் குடித்தேன். பிறகு உட்கார்ந்து முந்தைய நாளின் குறிப்பை எழுதி முடித்தேன். இங்கிலாந்தில் குடியேறியதிலிருந்து என் காலைகள் இந்த வரிசையில்தான் தொடங்குகின்றன. விடுமுறைக்கு வந்தாலும் மாற்றுவதில்லை. எஸ்தர் அக்கா பாலில்லாத கட்டன் சாயாவை மேசையில் வைத்துவிட்டு, "நேத்து என்ன நடந்துச்சுன்னு இவ்வளவு எழுதுத? நானும் உன்கூடத்தானே இருந்தேன். ஒண்ணும் நடக்கலியே" என்றாள். ஒன்றும் நடக்காத நாளையும் எழுதிவைப்பது என் பழக்கம்.

வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் பின்னாலுள்ள ஏலத்தோட்டத்தில் இறங்கினோம். மறுநாள் எங்கள் கிறிஸ்தவ சபையில், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை என்பதால் மதியம்வரைதான் வேலை. நான் சின்னக்கானலில் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவன். நின்றபடி கொழுந்து கிள்ளும் கூட்டத்துப் பிள்ளை. ஏலக்காயோ செடியின் தூரிலிருந்து தரையோடு நீளும் சரத்தில் இருக்கிறது. குத்தவைத்துத்தான் பறிக்க வேண்டும். ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் விளைந்த காயும் சேர்ந்திருக்கும். விளைந்ததை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அடுத்த சுற்றுக்கு விட வேண்டும். பச்சை நிறத்தில் எல்லாம் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரிந்தன.

என் கூடையிலிருந்து ஒரு காயை எடுத்து அக்கா நகத்தால் பிளந்து காட்டினாள். உள்ளே விதை வெள்ளையாக இருந்தது.

"அரி கறுக்கலியே. இதைக் காயவச்சா சுருங்கிப் போவும். அவசரப்படாத. நாம திரும்ப வராமலா போயிருவோம்?"

மதியம் வீட்டுக்குத் திரும்பியதும் அவள் முதலில் செய்த வேலை, முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு சேவலைப் பிடித்ததுதான். பொன்னிறக் கழுத்தும் கறுத்த வாலும் உள்ள பெரிய சேவல். காலில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. அதைப் பஞ்சாரத்துக்குள் விட்டு, கவிழ்த்த அந்தக் கூடையின் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தாள்.

"என்னத்துக்கு இது?" என்றேன்.

"நாளைக்கு நீ சாட்சி சொல்லுதல்லா? அதுக்குத்தான்."

2

சாட்சி, சேவல் என்பதற்கெல்லாம் முன்னால் நோயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி ஸ்டெல்லா இங்கிலாந்தில் முதியோர் வார்டில் செவிலியர். நான் அதே நகரத்தில் ஒரு பேருந்துக் கிடங்கில் ஓட்டுநர்களுக்கு முறை போட்டுக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். ஐம்பது தாண்டிய ஆண்கள் ரத்தம் கொடுத்துப் பார்ப்பது நல்லது என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்ததால் இந்தக் கோடையில் போனேன். ஓர் எண் சற்றே கூடுதலாக வந்தது. பிறகு ஸ்கேன், பிறகு ஊசியால் சதைத் துண்டுகள் எடுத்துப் பார்த்தார்கள். எடுத்த துண்டுகளில் இரண்டில் புற்றுநோய் இருந்தது. புராஸ்டேட் சுரப்பியில். சிறியது, மெதுவாக நகரும் வகை, வெளியே போகவில்லை என்றார்கள்.

புராஸ்டேட் என்ற உறுப்பு எனக்குள் இருப்பதை ஐம்பத்து நான்கு வயதுவரை நான் நினைத்தே பார்த்ததில்லை. வால்நட் அளவில் இருக்கும் என்று அவர்கள் தந்த கையேடு சொன்னது. நான் வால்நட் விளைவதைப் பார்த்ததில்லை. கடையில் ஒரு பை வாங்கி, ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஜாதிக்காய் என்று எழுதியிருந்தால் உடனே புரிந்திருக்கும். சிறுநீர்ப் பைக்குக் கீழே ஒரு ஜாதிக்காய். அதைத் துளைத்துக்கொண்டு சிறுநீர்க் குழாய் போகிறது. அவ்வளவுதான் படம். ஆனால் அந்த இடத்தில் கத்தி வைத்தால் எவையெல்லாம் பாதிக்கப்படலாம் என்பதைக் கையேடு பல பக்கங்களுக்கு விளக்கியிருந்தது.

மருத்துவரைப் பார்த்த நாளில் எனக்கு மலையாள மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்திருந்தார்கள். கேரளத்தில் பிறந்தவன் என்பதால் கணினி அப்படி முடிவு செய்துவிட்டது. எனக்கு ஆங்கிலம் போதும், என் வீட்டு மொழியோ தமிழ் என்று வரவேற்பில் சொன்னேன். "ஏற்கெனவே பதிவாகிவிட்டது" என்றார் அங்கிருந்த பெண், மிகவும் அன்பாக. எனவே தொலைபேசியில் கோட்டயத்துக்காரப் பெண்மணி ஒருவர் சேர்ந்துகொண்டார். தீவிரக் கண்காணிப்பு என்று மருத்துவர் சொன்னதை அவர் "ஸஜீவ நிரீக்ஷணம்" என்றார். கொரோனா காலத்தில் நிரீக்ஷணம் என்றால் வாசலில் அறிவிப்பு ஒட்டி ஆளை உள்ளே இருத்துவது. ஒரு நொடி, வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாதோ என்று நினைத்துவிட்டேன்.

அப்படி இல்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தம், குறிப்பிட்ட காலத்தில் மறுபடி ஸ்கேன், தேவைப்பட்டால் மறுபடி ஊசி. மாற்றம் தெரிந்தால் அப்போது சிகிச்சை. பலருக்கு அந்தத் தேவை வராமலே போகலாம், சிலருக்கு வரும். இது ஒரு வழி. இப்போதே அறுவை செய்து எடுத்துவிடுவது அல்லது கதிர்வீச்சு கொடுப்பது இன்னொரு வழி. என் நிலைக்குக் கண்காணிப்பு பொருந்தும் என்றும், முடிவு என்னுடையது என்றும் மருத்துவர் சொன்னார். எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரியில் டாக்டர் முடிவைச் சொல்வார், நாம் பயப்படுவோம். இங்கிலாந்திலோ முடிவை நம் கையில் கொடுத்துவிட்டு மருத்துவர் தண்ணீர் குடித்தார். ஊருக்குப் போய்வந்து பதில் சொல்கிறேன் என்றேன். அவசரமில்லை என்றார்கள்.

கையேட்டில் இல்லாத கேள்வி ஒன்று என்னிடம் இருந்தது. அக்கா வீட்டுக்கு மேலே, சரிவில், ஒரு துண்டு நிலம் வாங்கிப் போட்டிருக்கிறேன். மகள் ரூத் படிப்பை முடித்ததும் இங்கே வீடு கட்டித் திரும்பிவிடுவது என் திட்டம். கண்காணிப்பு என்றால் என்னைக் கூப்பிட்டுப் பரிசோதிக்கும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வருடக்கணக்கில் இருக்க வேண்டும். அறுவை என்றால் முடித்துக்கொண்டு வந்துவிடலாம். அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

3

இனி சேவல்.

எங்கள் சபையில் யாருக்காவது நோய் வந்தால் வீட்டார் பொருத்தனை செய்வார்கள். சுகமானால் அறுப்பின் பண்டிகையில் இன்னது படைக்கிறேன் என்று ஆண்டவரிடம் சொல்லிவைப்பது. சுகமானவர் எழுந்து நின்று சாட்சி சொல்வார். படைத்த பொருளை ஆராதனைக்குப் பின் ஏலம் விடுவார்கள். கோழியை நேர்ந்துவிட்டால் பிறகு அதை அடிக்கவோ விற்கவோ யாருக்கும் கொடுக்கவோ கூடாது. வேறொரு கோழியை மாற்றி வைக்கவும் கூடாது. எனக்காக நேர்ந்தது இந்தச் சேவல். விடியுமுன் அத்தானின் சன்னலுக்கு நேர் கீழே வந்து நின்று கூவும். அவர் கல்லை எடுப்பார், அக்கா காலிலுள்ள துணியைக் காட்டுவாள், அவர் கல்லைப் போட்டுவிடுவார். இதை இந்த வாரத்தில் பலமுறை பார்த்தேன்.

"என்ன சாட்சிக்கா சொல்ல?" என்று கேட்டேன்.

"டாக்டரே ஆபரேசன் வேண்டாம்னு சொல்லிட்டாருன்னு போன்ல நீதானே சொன்ன? அன்னைக்கே உபதேசியார்ட்ட சொல்லிட்டேன். சபை முழுக்கத் தெரியும்."

அப்போதுதான் புரிந்தது. நான் சொன்னது உண்மைதான். பயப்படாதே, ஆபரேஷன் உடனே வேண்டாம் என்கிறார்கள் என்று சொன்னேன். ஆனால் எங்கள் எஸ்டேட்டுகளில் டாக்டர் ஆபரேஷன் வேண்டாம் என்றால் இரண்டே அர்த்தம். ஒன்று, வியாதி போய்விட்டது. அல்லது, கைவிட்டுவிட்டார்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கஞ்சி கொடுங்கள். நான் விமானம் ஏறி வந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் அக்கா முதல் அர்த்தத்தை எடுத்துக்கொண்டாள். மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்பது அவளுக்குத் தோன்ற வழியே இல்லை. எனக்கே தோன்றியதில்லையே.

"வேண்டாம்னு சொல்லலக்கா. இப்ப வேண்டாம், பாத்துக்கிட்டே இருக்கலாம்னாங்க."

"பாத்துக்கிட்டேன்னா? உள்ள இருக்கா, இல்லியா?"

"இருக்கு."

அக்கா பஞ்சாரத்தின் மேலிருந்த கல்லில் கையை ஊன்றிக்கொண்டாள். "இருக்கா? அதை வச்சிக்கிட்டா காலைலருந்து எங்கூட காய் பறிச்ச?"

அத்தான் வாசலில் உட்கார்ந்து செருப்பிலிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "மாப்ள, உங்க தாத்தா எஸ்டேட்ல கங்காணி. நீ பஸ் டிப்போல ஆள் மேய்க்க. இப்ப வயித்துக்குள்ளயும் ஒருத்தனை மேய்க்கப் போறியாக்கும்?" என்றார்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அக்கா.

காலையில் அவளே எனக்குச் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. நல்ல உவமை கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் ஆரம்பித்தேன். ஒரே சரத்தில் விளைந்ததை எடுத்து, விளையாததை விட்டுவிட்டு, சுற்றிச் சுற்றி வந்து பார்க்கிறாய் அல்லவா, அதுபோலத்தான் இதுவும் என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "காயை விட்டா விளைஞ்சு எனக்கு வரும். இதை விட்டா விளைஞ்சு யாருக்கு வரும்?"

என் கூடையிலிருந்த ஒரு காயை எடுத்து உருட்டினேன்.

"போன வருசம் மேக்க ரெண்டு தூருக்குக் கட்டே நோய் வந்துச்சு. எலையில கோடு தெரிஞ்ச அன்னைக்கே தோண்டி எடுத்து எரிச்சோம். பாத்துக்கிட்டா இருந்தேன்? இருந்தா தோட்டமே போயிருக்கும்."

உவமையால் முடிவுக்கு வர முடியாது என்று அந்த நாளின் குறிப்பில் எழுதியிருக்கிறேன். ஒரே தோட்டத்திலிருந்து இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொன்று கிடைக்கிறது. என் நோய் காயா, கட்டேயா என்பதுதான் கேள்வி. அதற்குத் தோட்டத்தில் பதில் இல்லை.

"எடுத்துட்டு வந்துரு தம்பி" என்றாள் கடைசியில், குரல் தணிந்து. "சுத்தமா வந்துரு. மேல வீடு கட்டணும்னு சொன்னேல்லா? அங்கயே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு கெடந்தா நீ எப்பம் வர?"

நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த கணக்கை அவள் அப்படியே சொல்லிவிட்டாள்.

4

சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். அங்கே காலை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சேவல் பஞ்சாரத்துக்குள் இருப்பதைச் சொன்னதும் சிரித்தாள். பிறகு, நான் பலமுறை கேட்டும் சொல்லாததைச் சொன்னாள்.

"பொண்டாட்டியா கேட்டீங்கன்னா எடுத்துடுங்கன்னுதான் சொல்லுவேன். எனக்குத் தூக்கம் வரணும். நர்ஸா கேட்டீங்கன்னா இப்ப எடுக்கத் தேவையில்ல. இதை வச்சிக்கிட்டே வயசாகி, வேற எதுக்கோ வந்து படுத்திருக்கிறவங்களை எங்க வார்டுல பாத்திருக்கேன். கவனிக்காம விட்டு எலும்புக்குப் போனப்புறம் வந்தவங்களையும் பாத்திருக்கேன்."

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசினா நான் யார் பேச்சைக் கேக்க?"

"சம்பளம் வாங்கறவ பேச்சைக் கேளுங்க."

ரூத் அந்த வார இறுதிக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். வேறு ஊரில் படிக்கிறாள். தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். சபைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஊர் என்றால் அவளுக்கு அத்தை வீட்டு அட்டை, மழை, எல்லோரும் கன்னத்தைக் கிள்ளுவது. எங்களுக்குள் பேச்சு குறைந்து வருகிறது என்று நான் எழுதாத மாதம் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் அவள்தான் என்னைவிட நன்றாகப் படித்திருந்தாள். சமையலறையில் கிடந்த கையேட்டை முழுவதும் படித்துவிட்டு, ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், "அப்பா, தாம்பத்தியம் பற்றிய பக்கங்களை நீங்கள் தாண்டிப் போயிருப்பீர்கள். அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்" என்றாள். நான் சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையிலேயே தாண்டித்தான் போயிருந்தேன். அறுவைக்குப் பின் சிலருக்குச் சிறுநீர் கசிவு நிற்காமல் இருக்கலாம், ஆண்மை குறையலாம் என்பதை அவள் சொல்லித்தான் சரியாகத் தெரிந்துகொண்டேன். என் அப்பாவிடம் இப்படி ஒரு வாக்கியத்தை நான் ஆரம்பித்திருக்கவே முடியாது.

அன்று தாயிடமிருந்து தொலைபேசியை வாங்கி, "அத்தை என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள்.

"எடுத்துட்டு ஊருக்கு வந்துடச் சொல்றா."

"நீங்களும் அதை ஊருக்குப் போகும் விசா மாதிரித்தான் நினைக்கிறீர்களா அப்பா?"

அவள் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். பதிலுக்கு, அங்கே மழையா என்று கேட்டேன்.

5

வெயில் சாய்ந்ததும் உபதேசியார் வந்தார். சபையை நடத்துகிறவர், அறுபத்தெட்டு வயது. நாளை யார் யார் எந்த வரிசையில் சாட்சி சொல்வது என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எப்போதும் வெள்ளை வேட்டியில் பார்த்த மனிதர் இப்போது கறுப்புப் பேன்ட் அணிந்திருந்தார். உட்காருவதற்கு முன், "பாத்ரூம் பின்னாலதானேம்மா?" என்று அக்காவிடம் கேட்டுப் போய்விட்டு வந்தார்.

"மொதல்ல பிள்ளை பெத்தவங்க, அடுத்தாப்ல வேலை கெடச்சவங்க, கடைசியா வியாதி சொகமானவங்க. தம்பி வெளிநாட்டுலருந்து வந்திருக்கதால உங்களைக் கட்டக் கடைசியா வச்சிருக்கேன். அப்பத்தான் ஜனம் எந்திரிச்சுப் போவாது."

"சொகமாவலியாம் ஐயா" என்றாள் அக்கா. "உள்ளதான் இருக்காம்." வீட்டுக்கு வந்த விருந்தாளி இன்னும் கிளம்பவில்லை என்பதுபோலச் சொன்னாள்.

உபதேசியார் என்னைப் பார்த்தார். முடிந்தவரை எளிமையாக விளக்கினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு தன் வேலைக்கு அவசியமான கேள்வியைக் கேட்டார்.

"அப்ப நாளைக்கு நான் இதை ஸ்தோத்திரத்துல சேக்கவா, விண்ணப்பத்துல சேக்கவா?"

எங்கள் ஆராதனையில் இரண்டுக்கும் தனித்தனி நேரம் உண்டு. முடிந்த காரியத்துக்கு ஸ்தோத்திரம், முடியாத காரியத்துக்கு விண்ணப்பம். எனக்கு எது என்று தெரியவில்லை என்றேன். அவருக்கும் தெரியவில்லை. காபியைக் குடித்துவிட்டு மறுபடி பின்னால் போய் வந்தார். கிளம்பும்போது, "தம்பி, ஜீப் நிக்கிற எடம் வரைக்கும் வாங்களேன்" என்றார்.

வீடு மறைந்ததும் நடையை நிறுத்தினார்.

"உங்க பேப்பர்ல கூட்டுத்தொகை எத்தனை?"

நான் திகைத்துப்போனேன். சதைத் துண்டை நுண்ணோக்கியில் பார்த்து, இரண்டு எண்களைக் கூட்டி, நோயின் குணத்தை ஓர் எண்ணாக எழுதுவார்கள். ஸ்டெல்லாவையும் ரூத்தையும் தவிர அதைப் பற்றி என்னிடம் யாரும் பேசியதில்லை.

"ஆறு. அதுதான் கொறஞ்சதுன்னாங்க."

"எனக்கும் மொதல்ல ஆறுதான். அப்புறம் ஒம்பது."

ஏலத்தோட்டத்து வேலி ஓரத்தில் நின்று அவர் சொன்னார். முதலில் அவருக்கும் இப்போது எடுக்க வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டு என்றுதான் மதுரையில் சொன்னார்களாம். முதல் தடவை போனாராம். அடுத்த தடவை மழை, பாதையில் மண் சரிந்து கிடந்தது. அதற்கடுத்த தடவை சபையில் பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் ஆராதனை. பிறகு, ஒன்றும் செய்யவில்லையே, நன்றாகத்தானே இருக்கிறோம் என்று விட்டுவிட்டாராம்.

"பாத்துக்கிட்டே இருக்கணும்னாங்க. யாரு பாத்தா? நானும் பாக்கல, அவங்களும் கூப்பிட்டுக் கேக்கல. முதுகு வலிச்சப்பந்தான் போனேன். அப்ப எடுக்காம முடியாதுன்னுட்டாங்க. எடுத்தாங்க, ரேடியேசன் கரண்டும் குடுத்தாங்க. அதனாலதான் இன்னைக்கு இங்க நிக்கேன். எடுத்தது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன்."

"சாட்சி சொன்னீங்களா?"

"சொன்னேனே. ஆனா எல்லாத்தையும் சாட்சியில சொல்ல முடியுமா தம்பி, பொம்பளப் பிள்ளைக உக்காந்திருக்கையில?" பேன்ட்டை லேசாகத் தொட்டுக் காட்டினார். "உள்ள துணி வைக்கணும். வேட்டியில நிக்காது. அய்யாவுக்கு இந்த வயசுல ஸ்டைல் வந்துட்டுன்னு பயலுவ பேசுதானுவ."

எனக்கு வெட்கத்தைவிட ஆர்வம் அதிகமாக இருந்தது. இருமினால் வருமா, தும்மினால், பாரம் தூக்கினால் என்று வரிசையாகக் கேட்டேன். அவரும் சலிக்காமல் பதில் சொன்னார். தன்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை போலும்.

"பிரசங்கத்துல சத்தம் போட்டா வரும். அதான் இப்பல்லாம் மெதுவா பேசுதேன். அய்யா ஆவியில முதிர்ந்துட்டாருங்காங்க சபையில."

இருவரும் நின்று சிரித்தோம். மேலே போன ஒரு ஜீப் நின்று, ஏறவில்லையா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டது.

"இப்ப முடிஞ்சுதா ஐயா? இனிமே ஆஸ்பத்திரி இல்லியே?"

"எங்க முடியுது? எடுத்த பொறவும் ரத்தம் எடுத்துப் பாக்கணும்லா. இப்ப ஒழுங்கா போறேன். கட்டப்பனையில ரத்தம் குடுத்தா ரிசல்ட்டை மதுரைக்கு அனுப்பிருவாங்க."

இதுதான் எனக்குப் புதியது. கையேட்டிலும் எங்கோ இருந்திருக்கும். என் கண் அதன்மேல் நிற்கவில்லை. எடுத்துவிட்டால் முடிந்தது, சுத்தமாகத் திரும்பலாம் என்று அக்கா நினைத்ததையே நானும் நினைத்திருந்தேன். எடுத்தவரும் பரிசோதனைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். வேறுபாடு எடுப்பதிலும் விடுவதிலும் மட்டும் இல்லை. தேதி வந்தால் ஆள் போகிறானா என்பதிலும் இருக்கிறது. உபதேசியாரை மழையும் சபை வேலையும் தடுத்தன. என்னைத் தடுக்கக்கூடியவை எவை என்று யோசித்தேன். ஓட்டுநர் ஒருவர் வராவிட்டால் ஒரு வழித்தடமே நின்றுபோகும் வேலையில் இருப்பவன் நான். வருவது என்பது எனக்குக் கைவந்த ஒன்று. இங்கே குடியேறினாலும் அது மாறாது. மாறினால் குற்றம் ஊருடையது அல்ல.

"விண்ணப்பத்துலயே சேருங்க ஐயா" என்றேன்.

"எடுக்கலியா அப்ப?"

"இப்ப எடுக்கல. பாத்துக்கிட்டே இருக்கப் போறேன்."

அவர் தலையாட்டினார். "சரி. ஆனா விண்ணப்பத்துல உங்க பேரை சும்மா வாசிக்க மாட்டேன். வாசிக்கிறதுக்கு முந்தி, ரத்தம் குடுத்தானான்னு உங்க அக்காட்ட கேட்டுக்கிடுவேன். குடுக்கலன்னா மைக்குலயே சொல்லிருவேன்."

6

அக்கா முற்றத்தில் அமர்ந்து காய்களிலிருந்து தூசியும் பூங்காம்பும் நீக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து நானும் பொறுக்கினேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"அக்கா, இப்ப எடுக்கப் போறதில்ல. பாத்துக்கிட்டே இருக்கப் போறேன்."

அவள் கை நிற்கவில்லை. "வீடு?"

"கட்டுவேன். அதையும் இதையும் ஒண்ணாக் கட்ட வேண்டாம். ஊருக்கு வரணும்ங்கறதுக்காக உடம்புல ஒண்ணை எடுக்கப் பாத்தேன். டாக்டர் எடுன்னு சொல்லல. நான்தான் அப்படி நினைச்சேன்."

"கூடிச்சுன்னா எங்கிட்ட சொல்லுவியா?"

"அன்னைக்கே சொல்லுவேன்."

"பயப்படாத, ஒண்ணுமில்லன்னு போன்ல ஆரம்பிக்கக் கூடாது."

"ஆரம்பிக்க மாட்டேன்."

"கூடிச்சுன்னா எடுப்பியா?"

"எடுப்பேன்க்கா. பயமா இருக்கு. ஆனா எடுப்பேன்."

பயம் என்ற சொல்லை அவளிடம் இந்த மூன்று மாதத்தில் நான் சொல்லியிருக்கவில்லை. ஸ்டெல்லாவிடமும் சொல்லியிருக்கவில்லை. அக்கா முறத்தை ஒருமுறை புடைத்து, பறந்த தூசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப சேவல்?" என்று வாசலிலிருந்து கேட்டது அத்தான்தான். "சொகமானாத்தானே பொருத்தனை? இவன் எம்பது வயசு வரைக்கும் இப்படியே பாத்துக்கிட்டு இருந்தான்னா, அது வரைக்கும் அது என் சன்னலுக்குக் கீழயே கூவணுமா? அதுக்கும் ரத்தம் எடுத்துப் பாப்பாங்களா மாப்ள?"

அக்கா சிரிக்கவில்லை. எழுந்து முறத்தோடு உள்ளே போனாள். சாப்பாடு போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். சேவல் பஞ்சாரத்துக்குள்ளேயே இருந்தது. பொருத்தனை அவளுடையது; அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, விழித்ததும் பிரஷும் பேஸ்ட்டுமாகப் பின்பக்கம் போனேன். அக்கா பண்டிகைச் சேலை கட்டித் தயாராக முற்றத்தில் நின்றிருந்தாள். கோயிலுக்குக் கொண்டுபோக ஒரு பெரிய பூசணிக்காய் படியில் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. பஞ்சாரத்தின் மேலிருந்த கல் கீழே இறங்கியிருந்தது. அவள் கையில் கொஞ்சம் அரிசி நொய் இருந்தது.

"நீயே தூக்கு. உன் பேருல நேந்தது" என்றாள்.

பிரஷைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு பஞ்சாரத்தைத் தூக்கினேன். சேவல் உடனே ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி எங்கள் இருவரையும் பார்த்தது. அக்கா நொய்யைத் தூவினாள். கொத்தித் தின்றுவிட்டு, சிவப்புத் துணி கட்டிய காலை உயர்த்தி வைத்து, ஏலச்செடிகளுக்குள் நடந்து போனது.

பல் தேய்த்தது அதற்குப் பிறகுதான்.